ஒரே வாஸ்ம் கோப்பு பிரவுசரிலும் சர்வரிலும் ஓடாதது ஏன்? ரஸ்ட் லைப்ரரியை இரண்டு இடத்துக்கும் கட்டும் முறை

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ரஸ்ட்டில் ஒரு தேடல் லைப்ரரி எழுதியிருக்கிறீர்கள். அதை வாஸ்ம்-பேக் என்ற கருவியால் வெப்அசெம்ப்ளி (சுருக்கமாக வாஸ்ம்) கோப்பாகக் கட்டியது பிரவுசரில் நன்றாக ஓடுகிறது. அதே கோப்பைச் சர்வரில், பிரவுசருக்கு வெளியே வாஸ்மை ஓட்டும் வாஸ்ம்டைமிடம் கொடுத்தால் 'அன்நோன் இம்போர்ட்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. "வெப்அசெம்ப்ளி எங்கும் ஓடும் என்றார்களே, ஒரு தடவை கட்டி இரண்டு இடத்திலும் போட முடியாதா?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தப் பிழையை மட்டும் போக்கினால் நாளைக்கு வேறொரு பிழையோடு வருவீர்கள். ஆகவே, உங்கள் நிரலில் எது எங்கும் ஓடக்கூடியது, எது ஓடும் இடத்தோடு ஒட்டிக்கொண்டது, இரண்டையும் எங்கே வெட்டிப் பிரிப்பது என்பதையே கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடலாம்: மூலநிரல் ஒன்றே போதும், கோப்பு இரண்டு வேண்டும்.

வாஸ்ம் கோப்பு தானாக வெளியுலகில் எதையும் தொடாது. நேரம் பார்க்க, கோப்பு திறக்க, கன்சோலில் ஒரு வரி எழுத, எல்லாவற்றுக்கும் தன்னை ஓட்டுபவரிடம் கேட்க வேண்டும். என்னென்ன கேட்கப்போகிறது என்பதை இம்போர்ட் பட்டியலாகத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஒரு மாட்யூல் பெயர், ஒரு ஃபங்ஷன் பெயர். அதில் ஒன்று கிடைக்காவிட்டாலும் இன்ஸ்டன்ஸ், அதாவது கோப்பின் ஓடும் பிரதி, உருவாகாது. வாஸ்ம்-பேக் கட்டிய கோப்பில் இந்த மாட்யூல் பெயர், கூடவே உருவான ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் பெயராக இருக்கும், அல்லது 'டபிள்யூபிஜி' என்று இருக்கும். அந்த ஜாவாஸ்கிரிப்ட் வாஸ்ம்டைமிடம் இல்லை. உங்கள் பிழைக்குக் காரணம் இவ்வளவுதான். சந்தேகம் வரும்போதெல்லாம் முதலில் இந்தப் பட்டியலைப் பாருங்கள். வாஸ்ம்-டூல்ஸில் 'பிரிண்ட்' கட்டளை கொடுத்தால் கோப்பு உரைவடிவில் வரும், இம்போர்ட் வரிகள் மேலேயே நிற்கும். பிரவுசர் கன்சோலில் வெப்அசெம்ப்ளி மாட்யூலின் 'இம்போர்ட்ஸ்' ஃபங்ஷனும் இதையே காட்டும். பிழைச் செய்தியைப் பத்து முறை படிப்பதைவிட இதை ஒருமுறை பார்ப்பது பலன் தரும்.

எந்த இடத்தில் ஓடுவதற்குக் கட்டுகிறோம் என்று கம்பைலருக்குச் சொல்வது டார்கெட். ரஸ்ட்டில் வாஸ்முக்கென மூன்று டார்கெட்டுகள் நடைமுறையில் இருக்கின்றன. 'வாஸ்ம்32-அன்நோன்-அன்நோன்' என்பது கீழே இயங்குதளம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு கட்டுவது. பிரவுசருக்கு இதுதான். 'வாஸ்ம்32-வாஸிபி1' என்பது, வாஸ்ம் கோப்பு பிரவுசருக்கு வெளியே தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும் வாஸி இடைமுகத்தின் முதல் வடிவத்துக்கானது. கோப்பு, நேரம், ஸ்டாண்டர்ட் இன்புட்-அவுட்புட், சீரற்ற எண் எல்லாம் இருக்கும், சொந்தமாக நெட்வொர்க் இணைப்பு திறக்க வழி இருக்காது. 'வாஸ்ம்32-வாஸிபி2' என்பது 2024 ஜனவரியில் வெளியான வாஸி 0.2-க்கானது. ரஸ்ட் 1.82-இல் இது இரண்டாம் நிலை டார்கெட் ஆனது. இதில் சாக்கெட்டும் உண்டு. பழைய கட்டுரைகளில் வரும் 'வாஸ்ம்32-வாஸி' என்ற பெயர் 2025 ஜனவரியில் வந்த ரஸ்ட் 1.84-இல் நீக்கப்பட்டது. அதைத் தேடி நேரம் செலவிடாதீர்கள், வாஸிபி1 என்பது அதே டார்கெட்டின் புதுப்பெயர்தான்.

மூன்றாவது டார்கெட் தரும் கோப்பின் ஜாதியே வேறு. முதல் இரண்டும் தருவது கோர் மாட்யூல். அதன் முதல் எட்டு பைட்டுகளைத் தசம எண்ணில் எழுதினால் 0, 97, 115, 109, 1, 0, 0, 0. வாஸிபி2 தருவது காம்பொனென்ட். முதல் நான்கு பைட் அப்படியே இருக்கும், அடுத்த நான்கு 13, 0, 1, 0 ஆகிவிடும். பிரவுசர்கள் இன்றைக்குக் காம்பொனென்டை நேரடியாக ஏற்பதில்லை. ஜேகோ என்ற கருவியால் அதைக் கோர் மாட்யூலும் ஜாவாஸ்கிரிப்டுமாகப் பிரித்த பிறகே கொடுக்க முடியும். "வாஸிபி2-இல் கட்டினேன், பிரவுசர் பதிப்பு எண் தவறு என்கிறது" என்று யாராவது சொன்னால் இந்த 13 தான் காரணம்.

அடுத்து ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 'சர்வர்' என்று எதைச் சொல்கிறீர்கள்? உங்கள் சர்வரே ரஸ்ட்டில் எழுதியது, ஓடப்போவதும் உங்கள் சொந்த நிரல் மட்டும் என்றால் அங்கே வாஸ்ம் தேவையே இல்லை. லைப்ரரியைச் சாதாரண டிபென்டன்சியாகச் சேர்த்து நேட்டிவ் கோடாகக் கட்டுங்கள். வேகமும் கூடுதல், பிழை தேடுவதும் எளிது. சர்வர் நோட் என்றால் வாஸ்ம்-பேக்கிலேயே நோட்ஜேஎஸ் என்ற தேர்வு இருக்கிறது. அது வாஸ்ம் கோப்பை வட்டிலிருந்து நேராகப் படித்து ஏற்றும், வாஸி எதுவும் வேண்டாம். கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸும் பிரவுசர் வழியையே பின்பற்றுகிறது, அன்நோன்-அன்நோன் டார்கெட்டும், ரஸ்ட்டையும் ஜாவாஸ்கிரிப்டையும் இணைக்கும் நிரலை உருவாக்கும் வாஸ்ம்-பைண்ட்ஜெனும்தான் அங்கே. ஃபாஸ்ட்லி கம்ப்யூட் வாஸிபி1 கேட்கும். வாடிக்கையாளர் எழுதிய பிளக்இன்னை உங்கள் சர்வருக்குள் பத்திரமாக ஓட்ட வேண்டும் என்ற நிலையில்தான் வாஸ்ம்டைம் போன்ற ரன்டைமுக்கு உண்மையான வேலை இருக்கிறது. உங்கள் கேள்வியில் வாஸ்ம்டைம் என்று பெயர் சொல்லியிருப்பதால் அந்த வழியையே விரிவாக எழுதுகிறேன்.

நிரலை மூன்று கிரேட்டாக, அதாவது மூன்று ரஸ்ட் பேக்கேஜாக, பிரியுங்கள். நடுவில் ஒரு கரு: தேடல் வேலை முழுவதும் இங்கே. இதில் வாஸ்ம்-பைண்ட்ஜென் பெயரே வரக்கூடாது, கோப்பு படிக்கக்கூடாது, நேரம் கேட்கக்கூடாது. பைட்டுகளை வாங்கி விடையைத் திருப்பித் தந்தால் போதும். நேரம் வேண்டுமென்றால் அழைப்பவர் எண்ணாகக் கொடுக்கட்டும். அதன் இருபுறமும் இரண்டு மெல்லிய ஓடுகள்: ஒன்று பிரவுசருக்கு, மற்றொன்று சர்வருக்கு. பிரவுசர் ஓட்டின் அமைப்புக் கோப்பான கார்கோ.டோம்லில் கிரேட்-டைப் 'சிடைலிப்' என்று இருக்க வேண்டும். டெஸ்ட் எழுத வசதியாக 'ஆர்லிப்' என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கருவுக்கான டெஸ்டுகள் வாஸ்ம் பக்கமே போகாமல் சாதாரண கார்கோ டெஸ்டில் ஓடும். இந்தப் பிரிப்பின் பெரிய லாபமே அதுதான்.

கருவுக்குள் ஏன் இவ்வளவு கண்டிப்பு? அன்நோன்-அன்நோன் டார்கெட்டில் ஸ்டாண்டர்ட் லைப்ரரி முழுவதும் கம்பைல் ஆகிவிடும், ஓடும்போதுதான் கையை விரிக்கும். இன்ஸ்டன்ட் நவ் என்று நேரம் கேட்டால் பேனிக், அதாவது நிரல் அங்கேயே நின்றுவிடும். கோப்பு திறந்தால் 'ஆதரவில்லை' என்ற பிழை. த்ரெட் தொடங்கினாலும் அப்படியே. கம்பைலர் எச்சரிக்காது. ஒத்திசையா வேலைகளுக்கான டோக்கியோ கிரேட்டைப் பொறுத்தவரை அது நல்ல பிள்ளை: வாஸ்மில் ஆதரவில்லாத ஃபீச்சரைக் கேட்டால் கம்பைல் நேரத்திலேயே, எந்த ஐந்து ஃபீச்சர்கள் மட்டும் ஓடும் என்று பெயரோடு சொல்லி நிறுத்திவிடும். 'ஃபுல்' என்று போட்டு வைத்திருந்தால் அங்கேயே மாட்டுவீர்கள்.

பலரும் இடறுவது ஒரு நிபந்தனை வரியில். 'டார்கெட் ஆர்க் வாஸ்ம்32 என்றால் பிரவுசர்' என்று எழுதிவிடுகிறார்கள். வாஸி டார்கெட்டுகளுக்கும் ஆர்க் வாஸ்ம்32 தான். சர்வருக்கான கோப்பிலும் ஜாவாஸ்கிரிப்ட் இம்போர்ட்டுகள் நுழைந்துவிடுவது இப்படித்தான். டார்கெட் ஃபேமிலி வாஸ்ம் என்பதோடு டார்கெட் ஓஎஸ் 'அன்நோன்' என்றும் சேர்த்துச் சோதித்தால் பிரவுசர் பக்கம், டார்கெட் ஓஎஸ் 'வாஸி' என்றால் சர்வர் பக்கம். உங்கள் நிரலில் சரியாக எழுதியும் இம்போர்ட் பட்டியலில் பைண்ட்ஜென் தெரிந்தால், ஏதோ ஒரு டிபென்டன்சி இழுத்து வருகிறது என்று பொருள். கார்கோ ட்ரீ கட்டளையைத் தலைகீழ்த் தேர்வோடு, டார்கெட்டை வாஸிபி1 என்று குறித்து, வாஸ்ம்-பைண்ட்ஜென் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். யார் இழுத்தது என்று சங்கிலியாகக் காட்டும்.

கெட்ராண்டம் கிரேட்டுக்குத் தனியாக ஒரு சொல். சீரற்ற எண்ணைத் தேடிப் போகும் பெரும்பாலான கிரேட்டுகள் கடைசியில் இதன் வாசலில்தான் நிற்கும். அன்நோன்-அன்நோன் என்பது பிரவுசர்தானா என்று அதனால் ஊகிக்க முடியாது, ஆகவே கம்பைலை நிறுத்திவிடும். 0.2 வரிசையில் 'ஜேஎஸ்' என்ற ஃபீச்சர் கொடுக்க வேண்டும். 0.3 வரிசையில் அது 'வாஸ்ம்_ஜேஎஸ்'. 0.3-இன் தொடக்கப் பதிப்புகளில் ரஸ்ட்ஃபிளாக்ஸ் வழியாக பேக்எண்டின் பெயரையும் சொல்ல வேண்டியிருந்தது. டிபென்டன்சி மரத்தில் 0.2-உம் 0.3-உம் சேர்ந்தே இருப்பது சாதாரணம், இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். இந்த ஃபீச்சரைப் பிரவுசர் ஓட்டில் மட்டும் வையுங்கள், கருவில் வைக்காதீர்கள்.

இனி பிரவுசர் பக்கம். வாஸ்ம்-பைண்ட்ஜென் கிரேட்டின் பதிப்பும் அதன் கட்டளைக் கருவியின் பதிப்பும் கடைசி எண் வரை ஒன்றாக இருக்க வேண்டும். வாஸ்ம்-பேக் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். தனியாக நிறுவிப் பயன்படுத்தினால் கார்கோ.லாக் கோப்பில் என்ன பதிப்பு என்று பார்த்து அதையே நிறுவுங்கள். வாஸ்ம்-பேக்கில் இயல்பான தேர்வு 'பண்ட்லர்', அதாவது ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவிக்கானது. அதற்கு வெப்பேக்கில் ஒத்திசையா வெப்அசெம்ப்ளி சோதனை அமைப்பை இயக்க வேண்டும், வீட் என்ற கருவிக்குத் தனி பிளக்இன் வேண்டும். 'வெப்' என்ற தேர்வு எந்தப் பண்ட்லரையும் நம்பாது என்பதால் புதியவர்களுக்கு அதையே சொல்வேன். ஒரே நிபந்தனை: டீஃபால்ட்டாக ஏற்றுமதியாகும் தொடக்க ஃபங்ஷனை அழைத்து, அது முடியும்வரை அவெய்ட் செய்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். அதை விட்டுவிட்டால் 'அன்டிஃபைன்ட்' என்பதிலிருந்து மெமரி ஒதுக்கும் ஃபங்ஷனைப் படிக்க முடியவில்லை என்ற பிழை வரும். நிரலில் தவறு இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள், தவறு அழைத்த வரிசையில் இருக்கும்.

வெப்சர்வர் இந்தக் கோப்பை 'அப்ளிகேஷன்/வாஸ்ம்' என்ற மைம் வகையோடு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டாலும் பைண்ட்ஜெனின் தொடக்க நிரல் ஓர் எச்சரிக்கை போட்டுவிட்டு மெதுவான வழியில் ஏற்றிவிடும், அதனால் பலர் கவனிப்பதே இல்லை. எதிர்பார்த்தது '00 61 73 6டி', கிடைத்தது '3சி 21 64 6எஃப்' என்று பிழை வந்தால் கதை வேறு. பின்னது எச்டிஎம்எல் பக்கத்தின் 'டாக்டைப்' வரி தொடங்கும் நான்கு பைட். அதாவது, வாஸ்ம் கோப்பின் முகவரி தவறாக இருக்கிறது. தெரியாத முகவரிக்கெல்லாம் முகப்புப் பக்கத்தையே அனுப்பும் அமைப்பு உங்கள் சர்வரில் இருக்கிறது. நிஜின்எக்ஸில் ஜிஜிப் அமைத்திருந்தால் அதன் வகைப் பட்டியலில் வாஸ்மையும் சேருங்கள், இயல்பாக அது இருக்காது. கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி வைத்திருக்கும் தளத்தில் 'வாஸ்ம்-அன்சேஃப்-இவால்' என்ற அனுமதியும் வேண்டும். என்பிஎம்முக்குப் பேக்கேஜ் ஏற்றுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வாஸ்ம்-பேக் தன் வெளியீட்டுக் கோப்புறைக்குள் ஒரு கிட்இக்னோர் கோப்பையும் வைத்துவிடும். அந்தக் கோப்புறையை வேறொரு பேக்கேஜுக்குள் அடக்கி ஏற்றினால் உள்ளே இருப்பது விடுபட்டுப் போகலாம். அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

தேடல் லைப்ரரி என்பதால் உங்களுக்கு நிச்சயம் வரப்போகும் சிக்கல் ஒன்று இருக்கிறது, இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ரஸ்ட் சரம் யுடிஎஃப்-8. ஜாவாஸ்கிரிப்ட் சரம் யுடிஎஃப்-16. எல்லையைத் தாண்டும்போது பைண்ட்ஜென் மாற்றித் தருகிறது, சரத்தின் உள்ளடக்கம் பத்திரமாகப் போய்ச் சேரும். இட எண்களை அது மாற்றாது. 'தமிழ்க் கல்வி' என்ற சரத்தில் 'கல்வி' எங்கே தொடங்குகிறது? முன்னால் இருக்கும் 'தமிழ்க்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, க, புள்ளி என்று ஏழு யூனிகோட் குறிகள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட், ஆக 21. இடைவெளி ஒன்று. ரஸ்ட் சொல்லும் விடை 22. ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு குறியும் ஓர் அலகுதான், அதன் கணக்கில் விடை 8, சரத்தின் மொத்த நீளமே 13. 22-ஐ வாங்கி ஸ்லைஸ் செய்தால் வெற்றுச் சரம் கிடைக்கும், எந்தப் பிழையும் வராது. தேடிய சொல்லை மஞ்சளில் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியாது. ஆங்கில உரையில் இரண்டு கணக்கும் ஒன்றாகவே வருவதால் டெஸ்டுகள் எல்லாம் பச்சை காட்டும். தீர்வு: பிரவுசர் ஓட்டுக்குள்ளேயே, விடையின் முன்பகுதியில் உள்ள ஒவ்வொரு குறிக்கும் யுடிஎஃப்-16 நீளத்தைக் கூட்டி, ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக மாற்றி அனுப்புங்கள். இரண்டு கணக்குமே எழுத்தின் கணக்கு இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். 'மி' இரண்டு குறி, நடுவில் வெட்டினால் 'ம' தனியாக நிற்கும். எழுத்தாக வெட்ட வேண்டுமென்றால் ரஸ்ட்டில் யூனிகோட்-செக்மென்டேஷன் கிரேட் இருக்கிறது.

எண்களிலும் இப்படி ஒன்று. யூசைஸ் என்பது வாஸ்ம்32-இல் 4 பைட், 64 பிட் சர்வரில் 8 பைட். தேடல் அட்டவணையைச் சர்வரில் நேட்டிவாகக் கட்டிப் பிரவுசரில் படிக்கிறீர்கள் என்றால், ஹாஷ் மதிப்பு எதையும் அதற்குள் சேமிக்காதீர்கள். ஒரே ஹாஷர், ஒரே விதை என்றாலும் யூசைஸ் எண்ணுக்கு இரண்டு இடத்திலும் வேறு வேறு பைட்டுகள் போகும். பைட் வரிசை ஒன்றை ஹாஷ் செய்தாலும் அதன் நீளம் யூசைஸாக முன்னால் சேர்வதால் விடை மாறும். சேமிக்கும் கட்டமைப்பில் யு32, யு64 என்று அளவு சொன்ன வகைகளையே எழுதுங்கள். யு64 ஜாவாஸ்கிரிப்டுக்குப் போகும்போது பிக்இன்ட் ஆகும், சாதாரண எண்ணோடு கூட்டினால் டைப்எர்ரர். இட எண்ணுக்கு யு32 போதும்.

மெமரியைப் பற்றி மூன்று விஷயம். வாஸ்ம் மெமரி 64 கிபி பக்கங்களாக வளரும், 4 ஜிபி வரை போகலாம், ஒருபோதும் சுருங்காது. அட்டவணையை ஏற்றும்போது ஒரே ஒரு நொடி மட்டும் 300 எம்பி தேவைப்பட்டாலும் அந்த இன்ஸ்டன்ஸ் இருக்கும்வரை 300 எம்பி பிடித்தே இருக்கும். இரண்டாவது, மெமரி வளரும் கணத்தில் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் இருந்த பழைய அரேபஃபர் கழன்றுவிடும். வாஸ்ம் மெமரியின் மேல் நேரடியாக ஒரு யுஇன்ட்8அரே போட்டு வைத்து, அதன்பின் ரஸ்ட் ஃபங்ஷனை அழைத்தால், உள்ளே எங்கோ ஒரு வெக்டர் பெரிதாகி மெமரி வளர்ந்திருக்கலாம். உங்கள் அரேயின் நீளம் 0 ஆகிவிடும். சிறிய தரவில் வராமல் பெரிய தரவில் மட்டும் வருவதால் கண்டுபிடிக்கக் கடினம். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் அரேயைப் புதிதாகப் போடுங்கள், அல்லது நகலெடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, ரஸ்ட் வாஸ்முக்கு ஒதுக்கும் ஸ்டாக் 1 எம்பி. லினக்ஸில் மெயின் த்ரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி. சர்வரில் ஓடிய ஆழமான ரிகர்ஷன் பிரவுசரில் 'மெமரி எல்லைக்கு வெளியே' என்று விழுந்தால் இதைச் சந்தேகியுங்கள். லிங்கருக்கு ஸ்டாக் அளவைக் கூட்டிச் சொல்லலாம்.

பேனிக் ஆனால் ஸ்டேபிள் ரஸ்ட்டில் வாஸ்ம் நேராக அபார்ட் ஆகும், கேட்ச்-அன்வைண்ட் பிடிக்காது. கன்சோலில் 'அன்ரீச்சபிள்' என்று மட்டும் தெரியும். கன்சோல்-எர்ரர்-பேனிக்-ஹுக் கிரேட்டைப் போட்டால் எந்தக் கோப்பு, எந்த வரி என்று தெரியும். பேனிக்குக்குப் பிறகும் அந்த இன்ஸ்டன்ஸை அழைக்க முடியும் என்பதுதான் ஆபத்து. பாதியில் நின்ற தரவு அப்படியே உள்ளே இருக்கும். அந்த இன்ஸ்டன்ஸைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள்.

சர்வர் பக்கத்தில் எளிய வழியிலிருந்து தொடங்குங்கள். சர்வர் ஓட்டைச் சாதாரண பைனரியாக எழுதி, ஸ்டாண்டர்ட் இன்புட்டில் ஜேசன் வாங்கி அவுட்புட்டில் ஜேசன் கொடுக்கும்படி செய்து, வாஸிபி1-இல் கட்டினால் வாஸ்ம்டைம் உடனே ஓட்டும். கோப்பு படிக்க வேண்டுமென்றால் எந்தக் கோப்புறை என்று 'டிர்' தேர்வில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முன்கூட்டித் திறந்த ஃபைல் டிஸ்கிரிப்டர் எதுவும் கிடைக்கவில்லை என்ற பொருளில் பிழை வரும். அது பாதுகாப்பு ஏற்பாடு, பிழை இல்லை. பைனரி வடிவம் ஒரு இன்ஸ்டன்ஸுக்கு ஒருமுறை ஓடி முடிவது. ஒரே இன்ஸ்டன்ஸைப் பலமுறை அழைக்க வேண்டுமென்றால் லைப்ரரி வடிவம் வேண்டும். அப்போது சரங்களை முகவரி, நீளம் என்று நீங்களே கையால் கடத்த வேண்டும். அந்த வேலை அலுக்கும், தவறும் வரும். அந்த நிலைக்கு வந்ததும் வாஸிபி2-க்குப் போய், இடைமுகத்தை விட் கோப்பில் எழுதி, விட்-பைண்ட்ஜெனிடம் அந்த வேலையை ஒப்படையுங்கள்.

வாஸ்ம்டைமை உங்கள் ரஸ்ட் சர்வருக்குள் லைப்ரரியாகச் சேர்ப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் மாட்யூலைக் கம்பைல் செய்வது. கம்பைல் ஒருமுறை, சர்வர் தொடங்கும்போது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய ஸ்டோர் (இன்ஸ்டன்ஸின் தரவை வைத்திருக்கும் இடம்), புதிய இன்ஸ்டன்ஸ். இம்போர்ட்டுகளை இணைக்கும் வாஸ்ம்டைம் லிங்கரின் வேலையை முன்கூட்டி முடித்து 'இன்ஸ்டன்ஸ்-ப்ரீ' ஆக வைத்துக்கொண்டால் இந்தப் பகுதி மிகவும் மலிவு. முன்பே சொன்ன பேனிக் சிக்கலும் இதனால் தீர்கிறது, விழுந்த இன்ஸ்டன்ஸ் அந்தக் கோரிக்கையோடு போய்விடும். பிறர் எழுதிய நிரலை ஓட்டினால் முடிவில்லா லூப்புக்குத் தடை வையுங்கள். ஃபியூயல் முறை ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே இடத்தில் நிற்கும், ஆனால் வேகத்தைக் குறைக்கும். எபோக் முறை நேரத்தை வைத்து நிறுத்தும், செலவு குறைவு. கால எல்லை மட்டும் வேண்டுமென்றால் எபோக் போதும். மெமரிக்கும் ஸ்டோர் லிமிட்ஸில் உச்சவரம்பு கொடுங்கள். முன்கூட்டி நேட்டிவ் கோடாக்கிய சிவாஸ்ம் கோப்பு அதே வாஸ்ம்டைம் பதிப்புக்கு மட்டுமே பொருந்தும். நம்பாத இடத்திலிருந்து வந்த சிவாஸ்ம் கோப்பை ஏற்றவே கூடாது, அது சோதனை இல்லாமல் ஓடும் இயந்திரக் கோடு.

கோப்பின் அளவுக்கு: டீபக் கட்டுமானத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம், ரிலீஸ் அளவையே பாருங்கள். ரிலீஸ் புரொஃபைலில் ஆப்ட்-லெவல் 'எஸ்' அல்லது 'இசட்', எல்டிஓ இயக்கம், கோட்ஜென் யூனிட் 1. பிறகு பைனரியன் தொகுப்பின் வாஸ்ம்-ஆப்ட். பைண்ட்ஜெனுக்குப் பிறகே இதை ஓட்ட வேண்டும், வாஸ்ம்-பேக் அந்த வரிசையைத் தானே பின்பற்றும். ரஸ்ட் 1.87 முதல் பல்க்-மெமரி, நான்-ட்ராப்பிங் ஃப்ளோட் மாற்றம் இரண்டும் இயல்பாகவே இயங்குகின்றன. பழைய வாஸ்ம்-ஆப்ட் இதைப் பார்த்துப் பிழை சொல்லும். கருவியைப் புதுப்பியுங்கள், அல்லது கார்கோ.டோம்லின் வாஸ்ம்-பேக் பகுதியில் அந்த இரண்டு 'எனேபிள்' தேர்வுகளையும் சேருங்கள். எது இடம் பிடிக்கிறது என்று ட்விக்கி என்ற கருவி காட்டும், பெரும்பாலும் ஃபார்மேட் மேக்ரோக்களும் பேனிக் செய்திகளும் முன்னால் நிற்கும். பழைய பாடங்கள் சொல்லும் 'வீ-அலாக்' ஒதுக்கியைச் சேர்க்காதீர்கள். பராமரிப்பு நின்றுவிட்டது, மெமரி கசிவும் உண்டு.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனிச் சொல்வதில் ஆள் ஆளுக்கு விடை மாறும். வாஸ்ம் ஜாவாஸ்கிரிப்டைவிட எத்தனை மடங்கு வேகம் என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. எல்லையை எத்தனை முறை தாண்டுகிறீர்கள், ஒவ்வொரு முறையும் எவ்வளவு சரம் நகலாகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அழைப்பு என்று எழுதினால் ஜாவாஸ்கிரிப்டே முந்தக்கூடும். முழு உரையை ஒரே அழைப்பில் கொடுத்து, விடைகளை ஒரே யு32 வரிசையாக வாங்கி, உங்கள் தரவிலேயே அளந்து பாருங்கள். பிரவுசரில் த்ரெட் சாத்தியம், ஆனால் நைட்லி கம்பைலர், ஸ்டாண்டர்ட் லைப்ரரியை மறுபடி கட்டுதல், பக்கத்துக்கு இரண்டு தனிமைப்படுத்தும் ஹெடர்கள் என்று செலவு நீள்கிறது. அந்த ஹெடர்கள் வந்தால் வெளித்தளப் படங்களும் விளம்பரங்களும் நின்றுபோகக்கூடும். தேடலுக்கு ஒரு வெப் வொர்க்கர் போதும் என்பது என் கருத்து, மறுப்பவர்களும் இருப்பார்கள்.

கருவிகளின் நிலவரமும் அசைந்துகொண்டிருக்கிறது. ரஸ்ட்-வாஸ்ம் குழுவின் கிட்ஹப் அமைப்பை 2025 ஜூலையில் மூடுவதாக அறிவித்தார்கள். வாஸ்ம்-பைண்ட்ஜென் தனி அமைப்புக்கு மாறி வளர்ந்துவருகிறது, வாஸ்ம்-பேக்கும் வேறு கைக்குப் போனது. ஆகவே வாஸ்ம்-பேக் செய்வதை மூன்று படியாக நீங்களே செய்யத் தெரிந்துகொள்வது நல்லது: கார்கோ பில்ட், வாஸ்ம்-பைண்ட்ஜென் கட்டளை, வாஸ்ம்-ஆப்ட். உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதைக்குச் சர்வருக்கு வாஸிபி1 பைனரியைக் கட்டி ஓடவைப்பேன். விட் இடைமுகம் தேவைப்படும் நாளில் மாற வேண்டியது அந்த மெல்லிய ஓடு மட்டும்தான். கருவைப் பிரித்த பிறகும் வாஸ்ம்டைம் மறுத்தால், இம்போர்ட் பட்டியலை அப்படியே இங்கே ஒட்டுங்கள், எந்த வரி யாரால் வந்தது என்று பார்த்துச் சொல்கிறேன்.